மாட்டுக்கறி பர்கருக்கு எந்தப் பழ சாஸ்? அன்னாசி, செங்காய் மாங்காய், புளி-பேரீச்சை, பன்னீர் திராட்சை

வீட்டில் மாட்டுக்கறி பர்கர் செய்யும்போது, கூடையில் எந்தப் பழம் கனிந்து கிடக்கிறதோ அதுதான் பெரும்பாலும் சாஸ் ஆகிறது. கனிந்த மாம்பழத்தில் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, பன்னில் தடவி, கறியை வைத்துக் கடித்தால் ஜாம் பன்னுக்குள் கறி சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். மாம்பழத்தின் மேல் பழி போட வேண்டாம், தேர்ந்தெடுத்த வரிசைதான் தவறு. கறியில் கொழுப்பு எவ்வளவு, பேட்டி எவ்வளவு கனம், எதில் சுடப்போகிறோம் என்பதையெல்லாம் முடிவு செய்த பிறகுதான் பழத்துக்கு வர வேண்டும். (பேட்டி என்று இங்கே சொல்வது பன்னுக்குள் வைக்கும் கறி வட்டை.)

மாட்டுக் கொழுப்பு நாக்கில் படிந்துவிடும் குணமுள்ளது. இரண்டாவது கடிக்குள் அந்தப் படிவை அறுத்துவிட வேண்டும், அது புளிப்பின் வேலை. பழத்தின் இனிப்பு, கல்லில் முறுகிய கறியின் கசப்பு கலந்த மணத்தை மட்டுப்படுத்துகிறது. ஆகவே பர்கருக்கான பழ சாஸில் புளிப்பு முன்னால் நிற்க வேண்டும், காரம் அடுத்து, இனிப்பு கடைசி. தக்காளி கெச்சப்பும் ஒரு பழ சாஸ்தானே! பிரிட்டனில் பிரபலமான ஹெச்.பி. சாஸில் புளியும் பேரீச்சையும் சேர்கின்றன. கொலம்பியாவில் பர்கர் மேல் அன்னாசி சாஸ் ஊற்றி, நொறுக்கிய உருளைக்கிழங்கு சிப்ஸைத் தூவுவது தெருக்கடை வழக்கம். தென்னாப்பிரிக்காவில் ஏப்ரிகாட், பீச் போட்ட சட்னி மாட்டுக்கறியோடு போகிறது. மாட்டுக்கறியும் பழமும் சேர்வது புதுமை ஒன்றும் இல்லை.

முதலில் கறி

நம் ஊர்க் கடைகளில் பசு, காளை, எருமை எல்லாமே மாட்டுக்கறி என்ற பெயரில்தான் விற்பனையாகின்றன. வேறுபாடு கொழுப்பின் நிறத்தில் தெரியும். எருமைக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருக்கும், கறி கருஞ்சிவப்பு. பசு, காளையின் கொழுப்பில் மஞ்சள் படிந்திருக்கும். எதுவானாலும் பர்கருக்கு என்று தீனி போட்டு வளர்த்த மாடு அல்ல என்பதால், கறிக்குள் ஊடுருவிய கொழுப்பு குறைவாகவே இருக்கும். கைமாவை அப்படியே வாங்கி வந்து தட்டினால் பேட்டி வறண்டு பொடிப்பொடியாக உதிர்வது இதனால்தான்.

முன்னந்தொடையும் சப்பையும் சேர்ந்த பகுதி சுவைக்கு நல்லது. பின்தொடை மட்டும் என்றால் சப்பென்று இருக்கும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு உண்டு, கூடவே சவ்வும் உண்டு. சவ்வைச் சீவி எடுக்கப் பொறுமை இருந்தால் அதையும் பாதி சேர்க்கலாம். கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்புதான் சிறந்தது, பெரும்பாலான கடைகளில் ஒதுக்கிப் போடுவதால் கேட்டால் கிடைக்கும்.

நான்கு கனமான பர்கருக்கு 510 கிராம் கறி, 90 கிராம் கொழுப்பு. கறியிலேயே இருக்கும் சிறிதளவு கொழுப்பையும் சேர்த்தால் மொத்தம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வறட்சி. 30-ஐத் தாண்டினால் பேட்டி கல்லிலேயே உருகிச் சுருங்கி, பன் இரண்டு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அரைப்பதில் கடைக்காரரின் இயந்திரமா, வீட்டு மிக்சியா, கத்தியா? கடையில் அரைப்பதென்றால் பெரிய துளைத் தட்டில் ஒரே ஒரு முறை அரைக்கச் சொல்லுங்கள். முந்தின ஆளுக்கு அரைத்த கறி இயந்திரத்தில் மிச்சம் இருக்கும் என்பதால் கழுவிய பிறகு அரைப்பது நல்லது. மிக்சி என்றால் கறியையும் கொழுப்பையும் 2 செ.மீ. துண்டுகளாக்கி, தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் 30 முதல் 40 நிமிடம் வைத்து, விளிம்பு விறைத்த பிறகு 150 கிராம் அளவாகப் போட்டு, விட்டு விட்டு ஆறேழு சுற்று சுற்றினால் போதும். தொடர்ந்து ஓடவிட்டால் சூட்டில் கொழுப்பு இளகிக் கறியோடு குழைந்து பசையாகிவிடும். அப்படிக் குழைந்த கறியைச் சுட்டால் கொழுப்பு முழுக்க வழிந்தோடி, மிச்சம் ரப்பர் மாதிரி நிற்கும். கத்தியில் கொத்துவதுதான் எல்லாவற்றிலும் மேல். 600 கிராமுக்கு இருபது நிமிடம் ஆகும், கை வலிக்கும், ஆனால் ஒவ்வொரு கடியிலும் கறி கறியாகத் தெரியும்.

உப்பு விஷயத்தில்தான் கட்லெட் பழக்கம் நம்மைக் கெடுக்கிறது. கைமாவில் உப்பு போட்டுப் பிசைந்தால் கறியின் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சாசேஜ் போல் இழுபடும். கறியில் எதுவும் சேர்க்காமல் உருட்டி, தட்டி, கல்லில் போடும் கணத்துக்கு முன் வெளிப்புறம் மட்டும் உப்பும் மிளகும் தூவுங்கள். 150 கிராம் பேட்டிக்கு இரு பக்கமும் சேர்த்துக் கால் டீஸ்பூன் உப்பு. முட்டை, ரஸ்க் தூள், வெங்காயம், இஞ்சி-பூண்டு விழுது எதுவும் வேண்டாம். கொழுப்பு கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் ஒரு விலக்கு: 500 கிராம் கறிக்கு ஒரு துண்டு ரொட்டியை இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து மசித்துச் சேர்த்தால் ஈரம் ஓரளவு நிற்கும்.

கனமான பேட்டியா, அழுத்திச் சுட்ட மெல்லிய பேட்டியா?

கனமானது என்றால் 150 கிராம், 2 செ.மீ. உயரம், பன்னை விட ஒரு செ.மீ. அகலம், நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. வேகும்போது விளிம்பு சுருங்கி நடுப்பகுதி உப்பும், குழி இருந்தால் சமமாக வந்து நிற்கும். அடிகனமான வாணலியில் மிதமான சூட்டுக்குச் சற்று மேல் முதல் பக்கம் 4 நிமிடம், திருப்பிப் போட்டு 3 முதல் 4 நிமிடம், எடுத்த பிறகு 3 நிமிடம் ஆறவிட வேண்டும். இடையில் கரண்டியால் அழுத்தக் கூடாது.

மெல்லியது என்றால் 60 கிராம் உருண்டை, ஒரு பர்கருக்கு இரண்டு. இதற்கு நம் வீட்டு இரும்பு தோசைக்கல்லை விடப் பொருத்தமான பாத்திரம் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. கல் புகையத் தொடங்கும் வரை காய விட்டு, குளிர்ந்த உருண்டையை வைத்து, மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் தட்டையான அடியுள்ள எவர்சில்வர் டப்பாவை வைத்துப் பத்து விநாடி பலமாக அழுத்த வேண்டும். அழுத்துவது முதல் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அழுத்தினால் சாறு வெளியேறிவிடும். உப்பு தூவி, ஒன்றரை நிமிடத்தில் விளிம்பு பழுப்பு லேஸ் மாதிரி ஆனதும் கூரான தோசைத் திருப்பியால் அடியோடு சுரண்டித் திருப்பி, முக்கால் நிமிடம். நான்ஸ்டிக் கல்லில் இதைச் செய்யவே கூடாது, அவ்வளவு சூட்டுக்கு அந்தப் பூச்சு உகந்ததில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சமையல் தெர்மாமீட்டர் தீர்மானிக்கட்டும். முழுத்துண்டுக் கறியில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் போய்விடும். அரைத்த கறியில் மேற்பரப்பு முழுக்க உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் அரைத்த மாட்டுக்கறிக்கு அமெரிக்க வேளாண் துறை 71 டிகிரி செல்சியஸ் உட்சூட்டை வரையறுத்திருக்கிறது. 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கரால் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் தொற்று பரவி 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நிறத்தை நம்ப முடியாது, வேகாத கறியும் பழுப்பாகத் தெரியும், வெந்த எருமைக்கறியும் சிவப்பாக நிற்கும். தெர்மாமீட்டரைப் பேட்டியின் பக்கவாட்டிலிருந்து நடு வரை செருகிப் பார்க்க வேண்டும். அது இல்லாத வீட்டில் மெல்லிய பேட்டியே சரி, அந்தக் கனத்துக்கு உள்ளே வேகாமல் நிற்க இடமே இல்லை. ஐஸ் இல்லாமல் தொங்கவிட்டு விற்கும் கடையில் வாங்கும் கறி என்றால் காலையில் வாங்கி, அன்றே அரைத்து, அன்றே சுட்டுவிட வேண்டும்.

அன்னாசி

முதன்முறை பழ சாஸ் செய்பவருக்கு இதைத்தான் சொல்வோம். புளிப்பும் இனிப்பும் இயல்பிலேயே சரிவிகிதத்தில் இருக்கும் பழம், ஆண்டு முழுக்கக் கிடைப்பது. கேரளத்தின் வாழக்குளத்திலிருந்து வரும் மொரீசியஸ் ரகம் நல்ல மணம் உள்ளது, சாஸுக்கு ஏற்றது. முக்கால்வாசி பழுத்திருந்தால் போதும், அடி முழுக்க மஞ்சளாகி மணம் தூக்கலாக அடித்தால் அந்தப் பழத்தைச் சும்மா நறுக்கிச் சாப்பிடுங்கள்.

நான்கு பர்கருக்கு: நடுத்தண்டு நீக்கிப் பொடியாக நறுக்கிய அன்னாசி 300 கிராம், வெல்லம் 25 கிராம், வினிகர் 3 மேசைக்கரண்டி, விதை நீக்கி வெந்நீரில் ஊறவைத்து அரைத்த வரமிளகாய் 3, பூண்டு 3 பல், மஸ்டர்ட் சாஸ் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய பூண்டை அரை நிமிடம் வதக்கி, மிளகாய் விழுதைப் பச்சை வாசம் போக வதக்கி, அன்னாசி, வெல்லம், இரண்டு கரண்டி வினிகர் சேர்த்து மிதமான தீயில் 12 முதல் 15 நிமிடம். பாதியை மத்தால் மசித்து, மீதியைத் துண்டாகவே விட்டு, இறக்கும்போது மஸ்டர்டும் உப்பும் கடைசிக் கரண்டி வினிகரும். வினிகரை இரண்டாகப் பிரிக்கக் காரணம், கொதிக்கக் கொதிக்க அதன் புளிப்பில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். முழுதையும் முதலில் ஊற்றினால் சாஸ் மந்தமாகிவிடும்.

அன்னாசி தானாகக் கெட்டிப்படாது, பழக்கூழை இறுக்கும் பெக்டின் என்ற பொருள் அதில் குறைவு. தட்டில் ஒரு கரண்டி விட்டு நடுவே கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் இருபுறமும் நீர் கசிந்தால் பன் நிச்சயம் ஊறிப் போகும். இன்னும் நான்கு நிமிடம் காய்ச்சுங்கள், அல்லது ஒரு டீஸ்பூன் சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விடுங்கள்.

பச்சை அன்னாசிச் சாற்றில் கைமாவை ஊறவைத்தால் கறி மெத்தென்று வரும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. கறித்துண்டுக்கே அது கவனமாகச் செய்ய வேண்டிய வேலை, கைமாவில் செய்யவே கூடாது. அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்ற நொதி புரதத்தை அறுக்கும். அரைத்த கறியில் எல்லாப் பக்கமும் அது புகுந்துவிடுவதால், பேட்டி கஞ்சி மாதிரி குழைந்து கல்லில் திருப்பவே வராது. பப்பாளிக்காயும் இதே வேலையைச் செய்யும். கொதிக்கவைத்ததும் நொதி செயலிழந்துவிடும், டின் அன்னாசியில் ஏற்கெனவே செயலிழந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் பர்கருக்குள் வைக்கும் அன்னாசி வளையம் பெரும்பாலும் டின்னிலிருந்து வருவதுதான். முழு வளையம் வைக்க ஆசை என்றால் முக்கால் செ.மீ. கனத்தில் வெட்டி, அதே கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் விளிம்பு பழுக்கச் சுட்டு வையுங்கள்.

கனமான பேட்டிக்கு இதுதான் முதல் தேர்வு. துண்டுகள் பல்லில் படும்போது சாறு வெடித்து, அந்தக் கனத்த கறியை நெகிழ்த்திவிடுகிறது. மெல்லிய பேட்டியில் இதே துண்டுகள் தொல்லை. முறுகின விளிம்பை நனைத்து, பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பைக் கெடுத்துவிடும்.

புளி-பேரீச்சை

தோசைக்கல்லில் அழுத்திச் சுட்ட பேட்டிக்கு இதற்கு நிகராக நாங்கள் எதையும் வைக்க மாட்டோம். கெட்டி, அடர்த்தி, ஒரு மேசைக்கரண்டியில் ஒரு பர்கர் முடிந்துவிடும். பன்னை நனைக்க அதில் தண்ணீரே இல்லை.

விதை, நார் நீக்கிய புளி 30 கிராம், அதாவது எலுமிச்சை அளவு. விதை நீக்கிய பேரீச்சை 100 கிராம். இரண்டையும் 250 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, மிக்சியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து வடிகட்டுங்கள். அதோடு மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன், சுக்குத்தூள் கால் டீஸ்பூன். மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம், கரண்டியின் பின்புறம் ஒட்டும் வரை. உப்பு கடைசியில் அரை டீஸ்பூன். எட்டு பர்கருக்கு வரும்.

வினிகருக்கு நேர்மாறான குணம் புளிக்கு. அதன் டார்டாரிக் அமிலம் ஆவியாகாது, சாஸ் சுண்டச் சுண்டப் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். அடுப்பில் வைக்கும்போது அளவான புளிப்பாகத் தெரிந்தால் இறக்கும்போது பல் கூசும். தொடக்கத்தில் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும். பழைய புளி கறுத்து, இனிப்பு அடங்கி, ஆழமான சுவையோடு இருக்கும், இந்த சாஸுக்கு அதுவே நல்லது. புதுப் புளி என்றால் 5 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதில் சறுக்கும் இடம் ஒன்றுதான், பானிபூரிக் கடை வாசனை. சீரகம் கொஞ்சம் கூடினாலோ கறுப்பு உப்பு விழுந்தாலோ நாக்கு சாட் கடைக்குப் போய்விடும், கறி மறந்துவிடும். அளவை மீறாதீர்கள். சீஸ் வைக்கும் பர்கர் என்றால் சீரகத்தை அடியோடு விட்டுவிட்டு மிளகைக் கால் டீஸ்பூன் சேர்த்தால் இன்னும் பொருந்துகிறது.

செங்காய் மாங்காய்

காயும் இல்லாத, கனியவும் இல்லாத செங்காய்ப் பதம்தான் சாஸுக்கு ஏற்றது. கிளிமூக்கு இருந்தால் நல்லது. சதை கெட்டி, நார் குறைவு. சித்திரையிலிருந்து ஆனி வரை தாராளமாகக் கிடைக்கும், மற்ற மாதங்களில் இதைத் தேடி அலைய வேண்டாம்.

தோல் சீவிய செங்காய் 300 கிராமில் பாதியைத் துருவி, பாதியைப் பொடியாக நறுக்க வேண்டும். சின்ன வெங்காயம் 50 கிராம், பச்சை மிளகாய் 2, வெல்லம் 30 கிராம், வினிகர் 1 மேசைக்கரண்டி, உப்பு அரை டீஸ்பூன். வெங்காயத்தைக் கண்ணாடிப் பதமாக வதக்கி, மற்றவற்றைச் சேர்த்து அரை டம்ளர் தண்ணீரோடு 10 நிமிடம். காய்ப்பதத்தில் பெக்டின் நிறைய இருப்பதால் துருவல் கரைந்து தானாகக் கெட்டியாகும், சோள மாவு தேவையில்லை. நறுக்கிய துண்டுகள் இன்னும் கடிபடும்போதே இறக்கிவிடுங்கள்.

நல்லெண்ணெய், வெந்தயம், பெருங்காயம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கை தானாகப் போகும், தெரியும். ஒன்று விழுந்தாலும் அது தொக்கு ஆகிவிடும். தயிர்சாதத்துக்கு அருமையான தொக்குதான், பர்கருக்குள் அது கறியின் மணத்தை மூடிவிடும்.

முழுக்கக் கனிந்த மாம்பழத்தைக் காய்ச்சுவது வீண். சூடு பட்டதும் அதன் பூ மணம் மழுங்கி, வெறும் இனிப்பு மிஞ்சும். கனிந்ததுதான் இருக்கிறது என்றால் காய்ச்சாமல், அரை செ.மீ. துண்டாக்கி, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழையோடு கலந்து தட்டின் ஓரத்தில் வையுங்கள். பர்கருக்குள் வைத்தால் முதல் கடியில் பாதி மடியில் விழும்.

செங்காய் சாஸ் இரண்டு வகைப் பேட்டிக்கும் போகும், எதிலும் முதலிடம் பிடிக்காது. ஆனால் கரி அடுப்பில், கம்பி வலையில் சுடும் கனமான பேட்டியின் புகை மணத்தோடு மட்டும் அது அன்னாசியையும் மிஞ்சிவிடுகிறது.

பன்னீர் திராட்சை

நான்கில் அதிகம் கவனிக்கப்படாதது இது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அங்கே ஆண்டு முழுக்க அறுவடை உண்டு. உலகச் சந்தையில் இந்த ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஹாம்பர்கருக்குப் பெயர் கொடுத்த அதே ஜெர்மன் ஊர்.

500 கிராம் திராட்சையை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு மூடி 8 நிமிடம் வேகவிட்டு, தோல் வெடித்ததும் மத்தால் மசித்து, சல்லடையில் வடிகட்டுங்கள். மிக்சியில் போடக் கூடாது. விதை உடைந்தால் அதன் துவர்ப்பும் கசப்பும் இறங்கி, என்ன செய்தாலும் போகாது. நான்கைந்து சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வதக்கி, சாற்றை ஊற்றி, பொடித்த மிளகு அரை டீஸ்பூன், வினிகர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்து, 150 மில்லியாகச் சுண்டும் வரை நல்ல தீயில் வைத்தால் 10 முதல் 12 நிமிடம் ஆகும். உப்பு கால் டீஸ்பூன். அடுப்பை அணைத்து 15 கிராம் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டுச் சுழற்றினால் சாஸ் பளபளப்பாகித் திரளும். கொதிக்கும்போதே வெண்ணெய் போட்டால் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். சர்க்கரை வேண்டாம், பழத்திலேயே போதுமானது இருக்கிறது.

கொழுப்பு குறைந்த கறிதான் கிடைத்தது என்றால் இதைச் செய்யுங்கள். மெலிந்த பேட்டி மேல் புளியோ அன்னாசியோ வைத்தால் அறுப்பதற்குக் கொழுப்பே இல்லாததால் புளிப்பு நேரே கறியின் மேல் ஏறி, வறட்சியை இன்னும் தூக்கிக் காட்டும். திராட்சை சாஸ் தன் வெண்ணெயைத் தானே கொண்டுவருகிறது. திராட்சை கிடைக்காத நாளில் அன்னாசி சாஸையும் மயோனைசையும் சம அளவில் கலந்தால் அதே காரியம் நடக்கும். வாடிய நிறம்தான் இதன் குறை. வெளிர் பன்னில் படிந்ததும் கருநீலமாகத் தெரியும், குழந்தைகள் தயங்குவார்கள்.

புளி, திராட்சை இரண்டையும் அலுமினியம், இரும்புச் சட்டியில் காய்ச்ச வேண்டாம். அமிலம் உலோகத்தைக் கரைத்து நாக்கில் இரும்பு வாடை நிற்கும், திராட்சை கறுத்தும் போகும். எவர்சில்வரோ மண்சட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பன்னும் அடுக்கும்

நம் பேக்கரி பன் பெரும்பாலும் இனிப்பு. இனிப்புப் பன்னும் பழ சாஸும் சேர்ந்தால் எவ்வளவு புளிப்பு வைத்தாலும் தோற்றுவிடும். இனிப்பில்லாத பன் கேட்டு வாங்குங்கள், மெல்லிய பேட்டிக்குப் பாவ் நன்றாகவே ஒத்துவரும். இனிப்புப் பன்தான் இருக்கிறது என்றால் மேலே சொன்ன அளவுகளில் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, புளி-பேரீச்சையில் பேரீச்சையை 70 கிராமாக்குங்கள்.

பன்னை நடுவே வெட்டி, உட்புறத்தில் வெண்ணெய் தடவி, கல்லில் பொன்னிறமாக வாட்ட வேண்டும். இந்த முறுகின வெண்ணெய்ப் படலம்தான் சாறு பன்னுக்குள் இறங்காமல் தடுக்கிறது. அடிப்பன்னில் நேராக சாஸ் போடாதீர்கள். கறியிலிருந்து இறங்கும் சாறும் அங்கேதான் சேரும், இரண்டும் சேர்ந்தால் பன் பிய்ந்துவிடும். அடிப்பன், பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு வடித்த வெங்காய வளையம், பேட்டி, பேட்டி மேல் உருகிய சீஸ், சீஸ் மேல் அன்னாசியோ செங்காயோ திராட்சையோ, பிறகு மேல் பன். சீஸின் கொழுப்பு சாஸுக்கும் கறிக்கும் நடுவே பாய் விரித்த மாதிரி நின்று, மொறுமொறுப்பைக் காப்பாற்றும். புளி-பேரீச்சையை மட்டும் மேல் பன்னின் உட்புறம் மெல்லியதாகத் தடவுங்கள்.

கறி கல்லில் இருக்கும்போதே சாஸைப் பூசினால் பளபளவென்று வரும் என்று நினைப்பது எளிது. பழச் சர்க்கரை அந்தச் சூட்டில் அரை நிமிடத்தில் கருகும், கல்லில் ஒட்டிப் பிடிக்கும், அடுத்த பேட்டியும் கசக்கும். கரி அடுப்பில் என்றால் இறக்குவதற்கு முந்தின நிமிடம் ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

சாஸை முந்தின நாளே செய்து வைப்பது நல்லது. மிளகாயின் முரட்டுக் காரம் ஓரிரவில் அடங்கி, பழத்தோடு கலந்துவிடும். வெந்நீரில் கொதிக்கவைத்துக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில், ஃப்ரிட்ஜில், புளி-பேரீச்சை மூன்று வாரம் தாங்கும். அன்னாசியும் செங்காயும் ஒரு வாரம். வெண்ணெய் சேர்த்த திராட்சை மூன்று நாள், அதைப் பரிமாறும் முன் மெல்லிய தீயில் இளக்கிக்கொள்ள வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த சாஸைச் சூடான பேட்டி மேல் வைத்தால் கொழுப்பு உறைந்து மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், அதனால் பேட்டியைக் கல்லில் போடும்போதே சாஸ் கிண்ணத்தையும் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். மீந்த பச்சைப் பேட்டிகளை நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி அன்றே ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரை சுவை மாறாது. கனமானவற்றை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைவு நீக்க வேண்டும். மெல்லியதற்கென்று வைத்த 60 கிராம் உருண்டைகளும் அப்படித்தான், உறைந்த உருண்டை அழுத்தினால் தட்டையாகாது, உடையும்.